மலைவிழுங்கி மீண்டும் கோதாவில்

1 ஜூலை 1969, செவ்வாய்

எங்கள் தென்காசிக் கோபுரம் உச்சி இழந்து, பிளந்து இரண்டு பாதியாக நிற்கிறது. அந்த இரண்டு பாதிகள் மீதும் தனித்தனியாகச் சத்தியம் செய்து சொல்கிறேன்: இந்த டைரியில் நான் எழுதப்போவதை எவனும் நம்பமாட்டான். நம்பினால் அவனுக்கு உடம்பு சரியில்லை என்று பொருள். குற்றாலத்தில் மூன்று நாள் குளிக்கட்டும், தெளிந்துவிடும்.

என் மருமக்களே! என் காலத்துக்குப் பிறகு இதைப் பரணிலிருந்து இறக்கித் தூசி தட்டப்போகிறவர்கள் நீங்கள்தான். ஆகவே உங்கள் தாய்மாமன் யார் என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். பெயர் பலவேசம். குஸ்திக் கோதாவில் மலைவிழுங்கி பலவேசம். இருபத்தாறு வருஷத்தில் எண்ணூற்றுப் பன்னிரண்டு பந்தயம். தோல்வி என்ற சொல்லை எழுத்துக்கூட்டிப் படிக்கக்கூட எனக்கு வராது. நாற்பத்தெட்டாம் வருஷம் விருதுநகரில் ஒரு பயில்வானைத் தூக்கி மேலே எறிந்தேன். நான் டீ குடித்து வெற்றிலையும் போட்டு முடித்த பிறகுதான் ஆள் கீழே வந்தான். வந்தவன், "சிவகாசிப் பக்கம் நல்ல மழை" என்று செய்தி சொன்னான்.

ஐந்து வருஷமாக நான் சண்டை போடுவதில்லை, சண்டை நடத்துகிறேன். 'தென்பாண்டி மல்யுத்த மாமன்றம்' என் கம்பெனி. மாமன்றம் என்றால் இரண்டு பயில்வான்கள், ஒரு நடுவர், எட்டு மூங்கில், ஒரு தார்ப்பாய். தலைவர், செயலாளர், மைக்கில் பேசுபவர் எல்லாம் நான்தான். என்னை நானே ஒருமனதாகத் தேர்ந்தெடுத்தேன்.

சாரல் தொடங்கிவிட்டது. குற்றாலத்தில் குளிக்க வரும் ஜனம் தலை துவட்டிய பிறகு சாயங்காலம் என்ன செய்யும்? 20ஆம் தேதி ஞாயிறு ஐந்து மணிக்குச் சந்தைத் திடலுக்கு வரும். 'பம்பாய்ப் புலி' சிங்காரவேலுவும் 'கடல் அரக்கன்' மிக்கேலும் அங்கே மோதுகிறார்கள். புலிக்குச் சொந்த ஊர் அருப்புக்கோட்டை. பம்பாயை அவன் பார்த்ததில்லை. பம்பாய் மிட்டாய் தின்றிருக்கிறான்.

உலகம்மாள் வீட்டு ஓடு ஒழுகுகிறது என்கிறாள். இத்தனை பெரிய மாமன்றத் தலைவரிடம் வந்து ஓட்டைப் பற்றிப் பேசுகிற துணிச்சல் என் மனைவி ஒருத்திக்குத்தான் உண்டு.

3 ஜூலை, வியாழன்

வைக்கோல் பரப்பித் தார்ப்பாய் விரித்துப் பயிற்சி. இங்கே ஒரு தொழில் ரகசியம். கதவைச் சாத்திவிட்டுப் படியுங்கள்.

எங்கள் பந்தயங்களில் யார் ஜெயிப்பது என்பது முந்தின வாரமே முடிவாகிவிடும். இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. மாப்பிள்ளை யார் என்று தெரிந்த பிறகும் கல்யாணத்துக்குக் கூட்டம் வருகிறதல்லவா? சில பயில்வான்கள் ஜெயிக்க வாய்த்தவர்கள். சிலர் விழுந்து கொடுப்பவர்கள். மல்லாந்து கிடப்பவரைப் பார்த்து நடுவர் பத்து எண்ணுவார். அதற்குள் எழுந்தால் சண்டை தொடரும், எழாவிட்டால் தோல்வி. அந்தப் பத்தும் எண்ணி முடிகிறவரை அழகாகக் கிடக்கத் தெரிந்தவர்தான் விழுந்து கொடுப்பவர்.

மிக்கேல் அந்த ரகம். தூத்துக்குடிக்காரர். வயது நாற்பத்தொன்பது, உடம்பு பனைமரம். மாதா கோவில் பாட்டுக்குழுவில் எல்லோரையும்விட மெல்லிய குரல் அவருடையதுதான். இருபது வருஷமாகக் குறையில்லாமல் தோற்றுவருகிறார்.

இன்று புலி அவரைப் புரட்டிய வேகத்தில் தலை தரையில் முட்டப் பார்த்தது. நான் குறுக்கே பாய்ந்தேன்.

"தாடைய நெஞ்சோட ஒட்டும்வே மிக்கேலு! முதுகு தரையத் தொடுறதுக்கு முந்தியே ரெண்டு கையும் தொடணும். மூச்ச வெளிய விட்டுரும். சத்தம் கைக்கு, அடி யாருக்குமில்ல. அப்பிடி விழுந்தா நூறு வயசுவரைக்கும் விழலாம்."

புலி என்னை ஒரு மாதிரி பார்த்தான். "அண்ணாச்சிக்கு விழுறதப் பத்தி இம்புட்டு நுணுக்கம் எப்படித் தெரியும்?"

"எண்ணூத்திப் பன்னெண்டு பேரு என் முன்னால விழுந்திருக்கான்டே. பாத்துக்கிட்டுத்தானே இருந்தேன்?"

மிக்கேல் இருமினார். அவருக்குச் சாரல் ஒத்துக்கொள்வதில்லை.

5 ஜூலை, சனி

சுவரொட்டி வந்துவிட்டது. புலியின் படம் வாசற்கதவு அளவு. என் படம் தபால்தலை அளவு. அச்சகத்துக்காரனுக்கு மலையைக் கடுகாக்கத் தெரிந்திருக்கிறது.

6 ஜூலை, ஞாயிறு

சாரலுக்கு விருந்தாளி வந்தாயிற்று. ஆவுடையப்பன், உலகம்மாளின் தம்பி. அம்பாசமுத்திரத்தில் எடையளவு ஆய்வாளர். கடை கடையாக நுழைந்து படிக்கல்லைத் தூக்கிப் பார்த்து, அரைப் பலம் குறைந்தாலும் ஆளைப் பிடிப்பது அவனுடைய உத்தியோகம். வீட்டுக்கு வந்தாலும் பழக்கம் போகாது. நான் எது பேசினாலும் தூக்கிப் பார்ப்பான்.

இலையில் சோறு விழுந்ததும் ஆரம்பித்தான்.

"அத்தான், எண்ணூத்திப் பன்னெண்டு பந்தயம்னா, வருசத்துக்கு முப்பத்தொண்ணு வருது. ஒண்ணுலகூடவா தோக்கல?"

"இல்ல மாப்ளே."

"காய்ச்ச, சளின்னு படுத்ததுகூட இல்லியா?"

"சளி என்னப் பாத்து மிரண்டு எதிராளி மூக்குக்குப் போயிரும்."

"சாம்பாரு ஊத்துக்கா. இவிய பேச்சுக்கு எந்தப் படிக்கல்லும் பத்தாது."

உலகம்மாள் சாம்பார் ஊற்றினாள். ஊற்றிக்கொண்டே கேட்டாள்: "ஏங்க, இந்தத் தடவ நான் வந்து பாக்கட்டுமா? ஒங்க குருநாதர் சொன்னது நீங்க சண்ட போடுறதப் பாக்கக்கூடாதுன்னுதான? இப்பத்தான் நீங்க போடலியே."

விளக்கம் சொல்லியாக வேண்டும். கல்யாணமான மறு மாதமே, என் சண்டையை அவள் பார்க்கக்கூடாது என்று சொல்லிவிட்டேன். மனைவி கண் பட்டால் புஜம் இளகிவிடும் என்பது குருநாதர் வாக்கு. குருநாதர் அப்படிச் சொன்னபோது அருகில் யாரும் இல்லை. சொல்லப்போனால் குருநாதரே இல்லை. அதெல்லாம் பழைய கதை. இருபத்தெட்டு வருஷமாக அவள் ஒரு பந்தயம் பார்த்ததில்லை. நான் வீட்டுக்கு வந்து சொல்வதைக் கேட்டுக்கொள்வாள்.

"தாராளமா வா," என்றேன். "பெண்கள் பகுதியில முதல் பெஞ்சி ஒனக்குத்தான்."

கோதாவில் ஏறப்போவது புலி. எனக்கென்ன?

10 ஜூலை, வியாழன்

புலி போய்விட்டான்.

காலையில் கடிதம் வந்தது. மதராஸில் சினிமா வாய்ப்பாம். கதாநாயகனிடம் வரிசையாக அடி வாங்கும் கும்பலில் ஏழாவது ஆள். நேற்றே செங்கோட்டையில் ரயிலேறிவிட்டானாம். நடுவரையும் கூடவே கூட்டிப் போயிருக்கிறான், தன் மேனேஜராக. 'அண்ணாச்சியின் ஆசி வேண்டும்' என்று கடைசி வரி.

ஆசி வழங்கினேன். பக்கத்து வீட்டுக் கோழிகள் இன்னும் கூட்டுக்குத் திரும்பவில்லை.

ஊர் முழுக்கச் சுவரொட்டி. பத்து நாள்தான் பாக்கி.

11 ஜூலை, வெள்ளி

மிக்கேல் வந்து வாசல் நாற்காலியில் உட்கார்ந்தார். நாற்காலி ஒரு வார்த்தை சொல்லிவிட்டு அடங்கியது.

"அண்ணாச்சி, ஒரே வழிதான். நீங்க எறங்கிருங்க."

"என் வயசென்ன?"

"அம்பத்தொண்ணு."

"என் மூட்டு?"

"அதுக்கும் அம்பத்தொண்ணுதான். நீங்க ஜெயிக்கிற மாதிரி வச்சிக்கிடுவோம். மூணாவது ரவுண்டுல நான் விழுந்துருதேன். தோக்கது எனக்குப் புதுசா என்ன?"

மறுப்பதற்கு என்னிடம் பதினான்கு காரணங்கள் இருந்தன. மூன்றாவதைச் சொல்லிக்கொண்டிருந்தபோது நிலைப்படியில் ஆவுடையப்பன். எவ்வளவு நேரமாக நின்றானோ தெரியாது. நல்லவேளை, 'விழுந்துருதேன்' அவன் காதில் விழவில்லை. மிக்கேல் மறுபடியும் சொன்ன 'எறங்கிருங்க' மட்டும் விழுந்துவிட்டது.

"அக்கா! அத்தான் எறங்குதாவ! சண்ட போடப்போறாவ!" தெருவுக்கே கேட்கும்படி கத்தினான். பிறகு சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு, "நடுவர் இல்லேன்னா நான் இருக்கேன். எண்ணிக்கையில ஒரு நொடி கூடாது, ஒரு நொடி குறையாது. சர்க்கார் முத்திர போட்ட எண்ணிக்கையா இருக்கும்," என்றான்.

வேண்டாம் என்றால் ஏன் என்பான். ஏன் என்று சொன்னால் ரகசியம் உடையும். சரி என்றேன்.

உலகம்மாள் கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். "அப்ப நான் வரக்கூடாதோ?"

"குருநாதர் வாக்கு..." என்று இழுத்தேன்.

"அவுக போயி இருவது வருசமாச்சுன்னு நீங்கதான சொன்னிய. வாக்கும் கூடவே போயிருக்கும். நான் வாரேன்."

இல்லாத குருநாதரைச் சாகடித்தது என் தவறு. உயிரோடு வைத்திருந்திருக்கலாம்.

எதற்கும் ஒன்றை இங்கே எழுதிவைக்கிறேன். ஊரார் முன்னால் நான் விழுந்தால் அது தொழில். உலகம்மாள் முன்னால் விழக்கூடாது. இருபத்தெட்டு வருஷம் அவளிடம் சொன்ன கதையெல்லாம் என்னோடு சேர்ந்து விழும்.

13 ஜூலை, ஞாயிறு

மிக்கேலோடு பயிற்சி. சில தொழில்நுட்பச் சிக்கல்கள்.

நான் கையை ஓங்கினேன். கை பாதி வழியில் இருக்கும்போதே அவர் விழுந்துவிட்டார்.

"படவே இல்லியேவே!"

"இருவது வருசப் பழக்கம் அண்ணாச்சி. நெழலு பட்டாலே ஒடம்பு போயிருது."

அடுத்து அவர் முறை. எதிரி இரண்டு அடியாவது போட்டால்தான் வீரன் வீரனாகத் தெரிவான். தோளில் மெதுவாக ஒரு தட்டுத் தட்டினார். ஈ உட்கார்ந்திருந்தால் ஈக்கு வலித்திருக்காது. அடுத்து எனக்குத் தெரிந்தது வானம். தாடை நெஞ்சோடு ஒட்டியிருந்தது. கைகள் தரையை அறைந்த சத்தம் இன்னும் காதில் கேட்டது. கிடந்தேன்.

மிக்கேல் காத்திருந்து பார்த்துவிட்டு, "அண்ணாச்சி, எந்திரிங்க. நீங்கதான் ஜெயிக்கணும்," என்றார்.

"இரும்வே. இப்பம்தான் ஆறு."

ஆமாம். மனசுக்குள் எண்ணிக்கொண்டிருந்திருக்கிறேன். பத்து முடிந்ததும்தான் கால் அசைந்தது.

ஏழு தடவை முயன்றோம். ஏழு தடவையும் யார் தொட்டாலும் தொடப்பட்டவர் விழுந்தார். கடைசியில் ஒரு தீர்மானம் போட்டோம்: மிக்கேல் என்னைத் தொடவே கூடாது. மூன்று ரவுண்டும் சுற்றிச் சுற்றி வந்து உறுமினால் போதும்.

இதையெல்லாம் வைத்து என் பழைய வெற்றிகள் மீது யாரும் சந்தேகப்பட வேண்டாம். இத்தனை வருஷம் ஜெயித்துக் களைத்த உடம்பு, ஓய்வு கேட்கிறது. அவ்வளவுதான்.

15 ஜூலை, செவ்வாய்

ஓடு மாற்றினேன். இப்போது வேறு இடத்தில் ஒழுகுகிறது.

17 ஜூலை, வியாழன்

மாட்டு வண்டியில் மைக் கட்டி ஊர்வலம். 'அகில உலகமும் அஞ்சி நடுங்கிய மலைவிழுங்கி மீண்டும் கோதாவில்!' என்று நானே அறிவித்துக்கொண்டு போனேன். கூலக்கடைத் தெருவில் ஒருத்தன், "மலை எப்ப வரும், அண்ணாச்சி?" என்று என்னிடமே கேட்டான்.

டீக்கடையில் பேப்பர் வாசித்தார்கள். மூன்று பேர் ராக்கெட்டில் சந்திரனுக்குக் கிளம்பியிருக்கிறார்களாம். சரியாக என் பந்தயத்தை ஒட்டித்தான் இறங்குவார்களாம். வருஷத்தில் முந்நூற்று அறுபத்தைந்து நாள் இருக்கிறது. அவர்களுக்கு வேறு தேதியா கிடைக்கவில்லை? அங்கே ஆளின் எடை ஆறில் ஒரு பங்குதான் இருக்குமாம். அப்படியென்றால் விழுவதற்கு எவ்வளவு நேரம் ஆகும், வழியில் எத்தனை கரணம் போடலாம் என்று யோசித்ததில் டீ ஆறிவிட்டது.

19 ஜூலை, சனி

மத்தியானம் உலகம்மாள் அவரைக்காய்க்கு நார் எடுத்துக்கொண்டிருந்தாள். சொல்லிவிடுவது என்று தீர்மானித்துப் பக்கத்தில் உட்கார்ந்தேன். மாமன்றத் தலைவர் நாரும் எடுக்கவேண்டியதாயிற்று.

"ஒலகு."

"ம்."

"நாளைக்கு ஒருவேள சாரல் அடிச்சா தார்ப்பா வழுக்கும்."

"ஆமா."

"வழுக்குச்சின்னா யாருக்கும் காலு நிக்காது."

"பாவம் மிக்கேலண்ணன். வயசான மனுசன். நீங்க பாட்டுக்கு மலையத் தூக்குற மாதிரி தூக்கிப் போட்டுராதிய. பாத்துப் போடுங்க."

இதற்கு மேல் எப்படிச் சொல்வது? "பாத்துப் போடுதேன்," என்றேன்.

அவரைக்காயில் நாரோடு காயும் போய்விட்டது என்று திட்டினாள்.

20 ஜூலை, ஞாயிறு

காலை. மேகம். இட்லி நான்கு எடுத்துவைத்தாள். ஒன்றுகூட இறங்கவில்லை. ஐந்து மணிக்குப் பந்தயம்.

21 ஜூலை, திங்கள்

நேற்று எழுத நேரம் இல்லை. இன்று நிறையத் தாள் வேண்டும்.

சந்தைத் திடலில் நாற்பதாயிரம் பேர். திடலில் அறுநூறு பேர்தான் கொள்ளும் என்று ஆவுடையப்பன் சொல்வான். மீதிப் பேர் ஒருவர் தோள்மேல் ஒருவராக நின்றார்கள். இடப்பக்கம் பெண்கள் பகுதி. முதல் பெஞ்சில் உலகம்மாள், கல்யாண வீட்டுக்குப் போகிற பட்டுப்புடவையில்.

வெள்ளைச் சட்டை, வெள்ளைக் கால்சட்டையோடு ஆவுடையப்பன் கோதாவின் நடுவில் நின்றான். எண்ணுவதற்குக் கைக்கடிகாரம், அது தப்பாக ஓடிவிட்டால் சட்டைப்பையில் இன்னொன்று.

மிக்கேல் தோளில் மீன்வலையோடு ஏறினார். ஊரே ஊளையிட்டது. நான் ஏறினேன். மலைவிழுங்கி என்று கூவினார்கள். பழைய கால்சட்டை இடுப்பில் கொஞ்சம் பிடித்தது. மலைகளை விழுங்கியதன் பலன்.

முதல் ரவுண்டு. மிக்கேல் சுற்றிச் சுற்றி உறுமினார். கையை ஓங்கினேன். ஓங்கியதுமே விழுந்தார். கூட்டம் "ஓ!" என்றது. ஆவுடையப்பன் மண்டியிட்டு, "ஒண்ணு... ரெண்டு..." என்று தாசில்தார் ஆபீஸ் ஏலம்போல எண்ணினான். எட்டில் எழுவதாகப் பேச்சு. மிக்கேல் எழுகிற மாதிரித் தெரியவில்லை; பழக்கம் அவரையும் அமுக்கிவிட்டது. நான் தரையை உதைத்து ஞாபகப்படுத்தினேன். ஒன்பதில் எழுந்தார்.

இரண்டாம் ரவுண்டு. உறுமல். மறுபடியும் உறுமல். சாரல் மெல்ல விழுந்தது. கூட்டத்துக்குப் பொறுமை போனது.

"ஏ அரக்கா! அடிக்கப்போறியா, இல்ல பாட்டுப் பாடப்போறியா?"

"தொண்டையில மீன் முள்ளு மாட்டிக்கிட்டுதோ?"

மிக்கேல் பாவம், ஒருவர் கேட்டு இல்லையென்று சொல்லத் தெரியாதவர். என்னைப் பார்த்தார். நான் கண்ணாலேயே 'வேண்டாம்' என்றேன். அவர் கண்ணாலேயே 'ஒரே ஒண்ணு' என்றார். தோளில் தட்டினார்.

மருமக்களே, நான் பறந்தேன். கோபுரத்தின் இரண்டு பாதிகளுக்கும் நடுவாகப் போய்த் திரும்பி வந்தேன் என்று நினைக்கிறேன். மேலே போகும்போது தாடை தானாக நெஞ்சில் ஒட்டிக்கொண்டது. மூச்சு தானாக வெளியேறியது. இறங்கும்போது இரண்டு கைகளும் தார்ப்பாயை அறைந்த சத்தம் குற்றாலம் வரை கேட்டிருக்கும். முழுத் திடலும் ஒரே வாயாக "ஆ!" என்றது.

அந்த "ஆ!"வைக் கேட்டு ஐந்து வருஷமாயிற்று. அதைக் கேட்டதும் உடம்பு ஒரேயடியாகச் சுகமாக அடங்கிப்போனது.

விழுகிற வழியில் என் கால் நுனி மிக்கேலின் முழங்காலில் லேசாக உரசிவிட்டது. அது போதும் அவருக்கு. அவரும் போனார். எனக்குப் பக்கத்தில், மல்லாக்க, அச்சில் வார்த்ததுபோல.

இரண்டு பேரும் அருகருகே வானத்தைப் பார்த்துக் கிடந்தோம். முகத்தில் சாரல். ஆவுடையப்பனுக்கு யாரை எண்ணுவது என்று புரியவில்லை. பிறகு சர்க்கார் ஊழியன் சர்க்கார் ஊழியனாக முடிவெடுத்தான்: இரண்டு பேருக்கும் சேர்த்து எண்ணினான்.

"ஒண்ணு."

மிக்கேல் உதடு அசையாமல் கிசுகிசுத்தார்: "அண்ணாச்சி, எந்திரிங்க."

"ரெண்டு. மூணு."

"நீரு எந்திரியும்வே."

"நான் எதுக்கு? நான் தோக்கணும்லா."

"நாலு."

"எனக்கு வரமாட்டக்கு மிக்கேலு. பத்து எண்ணாம எந்திரிச்சதே இல்லடே நான்."

சொல்லிவிட்டேன். இருபத்தாறு வருஷத்தில் வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை. நல்லவேளை, மிக்கேலுக்கு மட்டும்தான் கேட்டது. அவருக்கு எப்போதோ தெரியும்.

"தெரியும் அண்ணாச்சி. ஆனா இன்னைக்கி மதினி பாக்காகள்லா?"

"அஞ்சு. ஆறு."

கால்களுக்கு உத்தரவு போட்டேன். கால்கள் வேறு யாருடையதோ போலக் கிடந்தன. இரண்டு பேரும் எழாவிட்டால் இரண்டு பேருக்கும் தோல்வி. ஆவுடையப்பன் அதில் அரை நொடி தள்ளுபடி தரமாட்டான். பட்டுப்புடவையில் ஒருத்தி பார்த்துக்கொண்டிருக்கிறாள். அந்தப் பக்கம் தலை திருப்பத் தைரியம் வரவில்லை.

"ஏழு."

அப்போது பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு விசில். ரயில் விசில் இல்லை, போலீஸ் விசில் இல்லை. இரண்டு விரலை மடக்கி வாய்க்குள் வைத்து, தோட்டத்தில் கிளி விரட்டுகிறவர்கள் அடிக்கிற விசில். சந்தைத் திடலில் கட்டியிருந்த மாடுகள் எல்லாம் எழுந்து நின்றன. மேற்குமலை மேகம் ஒரு முழம் பின்வாங்கியது.

விசிலுக்குப் பின்னால் ஒரு குரல்.

"பலவேசம்! எந்திரிங்க!"

உலகம்மாள் பெஞ்சின் மேல் ஏறி நின்றுகொண்டிருந்தாள்.

அவள் என் பெயரைச் சொல்கிறவள் இல்லை. ரேஷன் கார்டுக்குப் பெயர் கேட்டால்கூடப் பக்கத்து வீட்டுக்காரியைக் கூப்பிட்டுச் சொல்லச் சொல்லுவாள். அவளுக்கு நான் 'ஏங்க'தான். பிறரிடம் பேசும்போது 'அவிய'. அந்தக் குரலில் என் பெயர் எப்படி இருக்கும் என்று எனக்கே தெரியாது.

"எட்டு."

எப்படி எழுந்தேன் என்று கேட்காதீர்கள். மூட்டில் ஏதோ முறிகிற சத்தம் கேட்டது, மூங்கிலாகவும் இருக்கலாம். "ஒம்போது" என்று ஆவுடையப்பன் வாயைத் திறந்தபோது நான் நின்றுகொண்டிருந்தேன். மிக்கேல் சந்தோஷமாகப் பத்து வரை கிடந்தார்.

"பத்து! மலைவிழுங்கி ஜெயிச்சாவ!" என்று என் கையைத் தூக்கிப் பிடித்தான் மைத்துனன்.

அதன் பிறகு நடந்ததுதான் வேடிக்கை. ஜெயித்தவனை யாரும் கொண்டாடவில்லை. "ஒன்ஸ்மோர்! அந்த விழுகைய இன்னொரு தடவ!" என்று திடல் முழுக்கக் கூச்சல். மிக்கேல் தட்ட, நான் பறக்க. நான் ஓங்க, அவர் சாய. ஏழு தடவை விழுந்தோம். ஏழாவது தடவை ஆவுடையப்பனே ஆர்வம் தாங்காமல் தானும் ஒரு தடவை விழுந்து பார்த்தான். தாடையை ஒட்டத் தெரியவில்லை, நாக்கைக் கடித்துக்கொண்டான். சாரல் முடிகிறவரை ஞாயிறுதோறும் நடத்தவேண்டும் என்று மார்க்கெட் வியாபாரிகள் மேடையிலேயே வந்து கேட்டார்கள்.

இன்று காலை ரேடியோவில் சொன்னார்கள், சந்திரனில் மனிதன் கால் வைத்துவிட்டானாம். டீக்கடையில் அதைப் பற்றி இரண்டு நிமிஷம் பேசினார்கள். பிறகு என்னைப் பற்றிப் பேசினார்கள்.

வீட்டுக்கு வந்து உட்கார்ந்தேன். உலகம்மாள் காப்பி கொண்டுவந்து வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

"ஒலகு, நேத்து நான் விழுந்தது... வழுக்கிருச்சி."

"ஆமா, ஏழு தடவையும் வழுக்கிருச்சி."

காப்பியை ஒரு வாய் குடித்தேன்.

"ஏங்க, அந்தக் காலத்துல மண்ணு கோதாவுலதான சண்ட போட்டிய? பந்தயம் முடிஞ்சி வந்தா ஒங்க உருப்படியத் துவைக்கது யாரு?"

"நீதான்."

"இருவத்திமூணு வருசம் துவைச்சேன். ஜெயிச்சவனுக்கு மண்ணு முழங்கால்ல இருக்கும். ஒங்களுக்கு ஒரு நாளாவது முழங்கால்ல இருந்திருக்கா? எல்லாம் முதுகுலதான்."



"அப்ப ஏன் சொல்லல?"

"நீங்க சொல்ற கத நல்லாருந்துச்சு. நெசத்த வச்சி என்ன செய்ய? ஒவ்வொரு தடவையும் எலும்பு ஒடையாம நடந்து வந்து சோறு கேட்டிய. அது போதும்னு இருந்தேன்."

"பெறகு எதுக்குப் பாக்க வரணும்னு நின்ன?"

"எப்பிடி ஒடையாம விழுதியன்னு ஒரு தடவையாவது பாக்கணும்லா." டம்ளரை என் பக்கம் நகர்த்திவிட்டுச் சொன்னாள்: "அழகாத்தான் விழுதிய."

எண்ணூற்றுப் பன்னிரண்டு பந்தயத்தில் ஒருத்தரும் என்னிடம் சொல்லாத வார்த்தை. காப்பி சூடாக இருந்தது. கண்ணில் நீர் வந்ததற்கு அதுதான் காரணம்.

"பேரச் சொல்லிக் கூப்பிட்டுட்டியே," என்றேன்.

"ஏங்கன்னு கூப்பிட்டா திடல்ல இருந்த அம்புட்டு ஆம்பளையும்லா எந்திரிச்சிருப்பான்?" என்று சொல்லிவிட்டு டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். முகத்தைக் காட்டவில்லை.

மருமக்களே, முதல் நாள் செய்த சத்தியத்தைக் காப்பாற்றிவிட்டேன். இதை யாரும் நம்பப்போவதில்லை. நாற்பதாயிரம் பேரை உங்கள் வசதிப்படி குறைத்துக்கொள்ளுங்கள். நான் பறந்த உயரத்தை ஆவுடையப்பன் நான்கடி என்கிறான், அவனே வைத்துக்கொள்ளட்டும். விசில்கூட ஆண்கள் பக்கத்திலிருந்து வந்ததுதான் என்று அடித்துச் சொல்கிறான். இருக்கலாம், அந்த நேரத்தில் எனக்குத் திசை தெரியவில்லை.

ஆனால் பெயரைச் சொன்னது அவள்தான். அந்தச் சின்ன விஷயத்தை மட்டும் நான் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை.